தண்ணீரில் குளிரும் கம்ப்யூட்டர் கேபினெட்

நம் சங்கக் குடும்பங்களில் கம்ப்யூட்டர் இல்லாத வீடு இன்று அநேகமாக இல்லை. கடையில் தயாராக இருப்பதை வாங்கி வந்த காலம் போய், பையனோ பெண்ணோ பாகம் பாகமாக வாங்கித் தாமே பூட்டிக்கொள்ளும் காலம் வந்துவிட்டது. அந்த வரிசையில் பெற்றோர்களைத் திகைக்க வைக்கும் பொருள் ஒன்று உண்டு. அதுதான் தண்ணீரால் குளிர்விக்கப்படும் கேபினெட். பக்கத்தில் கண்ணாடிக் கதவு. உள்ளே வளைந்து வளைந்து செல்லும் குழாய்கள். அவற்றில் ஓடும் நீலத் திரவம். சுற்றிலும் வண்ண விளக்குகள். பார்த்தால் மீன் தொட்டியோ என்று தோன்றும்.

"மின்சாரம் ஓடுகிற பெட்டிக்குள் தண்ணீரையும் ஓடவிடுவார்களா?" என்று கேட்கிறார் அப்பா. "நாக்பூர் வெயிலுக்குக் காற்றாடி போதாதுப்பா, தண்ணீர் வைத்தால்தான் சில்லென்று இருக்கும்" என்கிறான் மகன். இருவர் பேச்சிலும் பாதி சரி, பாதி தவறு. தண்ணீரையும் மின்சாரத்தையும் அருகருகே வைத்து ஆண்டுக்கணக்கில் பத்திரமாக ஓட்ட முடியும். ஆனால் தண்ணீர் வைத்துவிட்டதாலேயே எதுவும் சில்லென்று ஆகிவிடாது.

நான் டீசல் ஷெட்டில் முப்பது ஆண்டுகளுக்கு மேல் இஞ்சின்களோடு பழகியவன். இஞ்சினுக்குத் தண்ணீர் எதற்கு, அதை எப்படிக் காப்பாற்ற வேண்டும் என்பது எனக்குச் சோறு போட்ட பாடம். அதே பாடம்தான் இந்தச் சிறிய பெட்டிக்கும். விஷயம் தெரிந்து முடிவெடுப்பதற்கும் தெரியாமல் எடுப்பதற்கும் உள்ள வித்தியாசம் நாற்பதாயிரம், ஐம்பதாயிரம் ரூபாய் ஆகலாம். கவனக்குறைவாகச் செய்தாலோ கம்ப்யூட்டரே போய்விடும். ஆகவே கொஞ்சம் விரிவாகவே பார்ப்போம்.

சூடு எங்கிருந்து வருகிறது?

கம்ப்யூட்டர் எடுத்துக்கொள்ளும் மின்சாரம் ஏறக்குறைய முழுவதும் கடைசியில் சூடாகத்தான் மாறுகிறது. மிக்சி, கிரைண்டர் போல அது எதையும் அரைப்பதில்லை. இழுத்த மின்சாரத்தைச் சூடாக்கி அறைக்குள் விட்டுவிடுகிறது. 600 வாட் இழுக்கும் கம்ப்யூட்டர், குளிர்காலத்தில் நாம் போடும் ரூம் ஹீட்டரில் பாதிக்குச் சமம்.

முன்பு இந்தக் கவலை இல்லை. 1990களின் தொடக்கத்தில் வந்த 486 சிப் சில வாட்களோடு நின்றது. 1993இல் வந்த முதல் பென்டியம் சுமார் 15 வாட். 2004 வாக்கில் பென்டியம் 4 வரிசையின் வேகமான சிப்கள் 100 வாட்டைத் தாண்டின. 2023இல் வந்த இன்டெல் ஐ9-14900கே முழு வேகத்தில் 253 வாட் வரை எடுத்துக்கொள்ள அனுமதிக்கப்பட்டது. கிராஃபிக்ஸ் கார்டு அதற்கும் மேல். 2022இல் வந்த என்விடியா ஆர்.டி.எக்ஸ். 4090 கார்டுக்கு 450 வாட். 2025இல் வந்த 5090 கார்டுக்கு 575 வாட். இத்தனை சூடும் தீப்பெட்டி அளவுள்ள சிலிக்கான் துண்டிலிருந்து வெளிவர வேண்டும். சிக்கல் அங்கேதான் இருக்கிறது.

சூடு எல்லை மீறினால் இன்றைய சிப் உடனே எரிந்துவிடாது. இன்டெல் சிப்கள் பலவற்றில் 100 டிகிரி, ஏஎம்டியின் ரைசன் 7000 வரிசையில் 95 டிகிரி என்று எல்லை வகுத்திருக்கிறார்கள். அந்த எல்லையைத் தொட்டதும் சிப் தானாகவே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். அதாவது, கூடுதல் விலை கொடுத்து வாங்கிய வேகம் கைக்கு வராமல் போகும். நஷ்டம் பெரும்பாலும் இந்த வடிவில்தான் வருகிறது.

தண்ணீரின் தனிச் சிறப்பு

சூட்டைச் சுமப்பதில் தண்ணீருக்கு இணை அரிது. ஒரு சின்னக் கணக்குப் போடலாம். 300 வாட் சூட்டைக் காற்று தன் மீது ஏற்றிக்கொண்டு 10 டிகிரி மட்டுமே சூடேற வேண்டுமானால், நிமிடத்துக்குச் சுமார் 1,500 லிட்டர் காற்று வேண்டும். அதே வேலையைத் தண்ணீர் செய்ய நிமிடத்துக்கு அரை லிட்டர்கூட வேண்டாம். கொள்ளளவுக் கணக்கில் தண்ணீர் காற்றைவிட ஏறத்தாழ 3,500 மடங்கு சூட்டைச் சுமக்கும்.

அதனால்தான் பெரிய இஞ்சின்கள் தண்ணீரை நாடின. நம் ரயில்வேயில் பல்லாண்டு உழைத்த டபிள்யூ.டி.எம்.-2 டீசல் இஞ்சின் 2,600 குதிரைத்திறன் கொண்டது. பதினாறு சிலிண்டர்களையும் சுற்றி ஓடுவதற்கு ஆயிரம் லிட்டருக்கு மேல் தண்ணீர் அதில் இருக்கும். சிலிண்டரில் ஏறிய சூட்டைத் தண்ணீர் சுமந்து சென்று பக்கவாட்டு ரேடியேட்டர்களில் இறக்கும். கூரையில் உள்ள பெரிய காற்றாடி பக்கங்களிலிருந்து காற்றை இழுத்து, ரேடியேட்டர் வழியாகச் செலுத்தி, மேலே தள்ளிவிடும்.

இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். தண்ணீர் சூட்டை அழிக்கவில்லை. ஓரிடத்தில் ஏற்றி வேறோர் இடத்தில் இறக்கியது, அவ்வளவுதான். கடைசியில் சூட்டை வாங்கிக்கொள்வது காற்றேதான். தண்ணீர் கூட்ஸ் வண்டி மாதிரி. சரக்கை இறக்குகிற இடத்தில் வேலை நடக்காவிட்டால் வண்டி எத்தனை வேகமாக ஓடியும் பயன் இல்லை. இந்தக் கட்டுரையில் ஒரே ஒரு வாக்கியத்தை நினைவில் வைக்க வேண்டுமென்றால் இதையே வைத்துக்கொள்ளலாம்.

இது புதுச் சரக்கு அல்ல

கம்ப்யூட்டருக்குத் தண்ணீர் என்பது இன்றைய பிள்ளைகள் கண்டுபிடித்த வேடிக்கை அல்ல. ஐபிஎம் நிறுவனம் 1960களிலேயே தன் சிஸ்டம்/360 வரிசையின் 91ஆம் மாடலைத் தண்ணீரால் குளிர்வித்தது. 1980இல் அறிவித்த 3081 கம்ப்யூட்டரில், ஒவ்வொரு சிப்பின் மீதும் ஸ்பிரிங் வைத்த சிறிய பிஸ்டன் அழுத்திக்கொண்டிருக்கும். அது வாங்கும் சூட்டை மேலே உள்ள தகட்டில் ஓடும் தண்ணீர் எடுத்துச் செல்லும். 1985இல் வந்த க்ரே-2 கம்ப்யூட்டரில் மின் பலகைகளையே மின்சாரம் கடத்தாத ஒரு திரவத்தில் மூழ்க வைத்தார்கள். பின்னர் குறைந்த மின்சாரத்தில் ஓடும் சிப்கள் வந்தபோது தண்ணீருக்கு வேலை குறைந்தது.

வீட்டுக் கம்ப்யூட்டருக்கு இதைக் கொண்டுவந்தவர்கள் ஆர்வலர்கள்தான். 1998இல் இன்டெல் செலரான் 300ஏ என்ற மலிவான சிப்பை விற்றது. அதை 300 மெகாஹெர்ட்ஸிலிருந்து 450க்கு ஓட்டலாம் என்று கண்டதும், சிப்பை அதன் குறித்த வேகத்துக்கு மேல் ஓட்டிப் பார்க்கும் மோகம் பரவியது. வேகம் கூடினால் சூடும் கூடும். அப்போது இதற்கென்று கடைப்பொருள் அதிகம் இல்லை. அமெரிக்காவில் 1977ஆம் ஆண்டு மாடல் போண்டியாக் போனவில் காரின் ஹீட்டரிலிருந்து கழற்றிய சிறு ரேடியேட்டர், மீன் தொட்டிக்கான பம்ப், கையால் கடைந்த செம்புக் கட்டை ஆகியவற்றை இணைத்து ஓட்டினார்கள். ரேடியேட்டருக்கு இடம் வேண்டிக் கேபினெட்டின் தகரத்தை அறுத்தார்கள். நம் ஷெட் ஃபிட்டர்கள் பார்த்தால் பாராட்டியிருப்பார்கள்!

பிறகு தொழிற்சாலைகள் வந்தன. கூலன்ஸ் நிறுவனம் ரேடியேட்டரும் பம்பும் உள்ளேயே பொருத்திய கேபினெட்களை 2000களின் தொடக்கத்தில் விற்றது. 2009இல் டென்மார்க்கின் அசெடெக் தயாரித்து கோர்சேர் பெயரில் வந்த எச்50, எல்லாம் சேர்த்து மூடி முத்திரையிட்ட சாதனம். வாங்கி நான்கு திருகு முடுக்கினால் போதும். அதற்குப் பிறகுதான் சாதாரண வாடிக்கையாளரும் தண்ணீர்ப் பக்கம் வந்தார்கள். இன்று பெரிய கம்ப்யூட்டர் கூடங்களும் மீண்டும் தண்ணீருக்குத் திரும்பியிருக்கின்றன. என்விடியா 2024இல் அறிவித்த ஓர் அலமாரியில் 72 கிராஃபிக்ஸ் சிப்கள். அது இழுப்பது சுமார் 120 கிலோவாட். அந்தச் சூட்டைக் காற்றால் மட்டும் வெளியேற்றுவது நடக்காத காரியம்.

பெட்டிக்குள் என்ன இருக்கிறது?

சுற்றுப் பாதையை வரிசையாகச் சொல்கிறேன். சிப்பின் தலையில் ஒரு செம்புக் கட்டை. அதன் அடிப்பக்கம் சிப்போடு ஒட்டியிருக்கும். இடையில் சூடு கடத்தும் பசை. கட்டைக்குள் தலைமுடி போல மெல்லிய இடுக்குகள். தண்ணீர் அவற்றின் வழியே செல்லும்போது சூட்டை வாங்கிக்கொள்ளும். அங்கிருந்து குழாய் வழியாக ரேடியேட்டர். அதன் மீது காற்றாடிகள். பிறகு ஒரு சிறு தொட்டி, பம்ப், மீண்டும் கட்டை. டீசல் இஞ்சினில் இருப்பதே கைக்கு அடக்கமாக இங்கே இருக்கிறது. தண்ணீர் மொத்தம் ஒரு லிட்டர் இருந்தால் அதிகம்.

இதில் இரண்டு வகை உண்டு. ஒன்று, முன்சொன்ன மூடி முத்திரையிட்ட வகை, கடைக்காரர்கள் ஏ.ஐ.ஓ. என்பார்கள். திறக்க வேண்டியதில்லை, தண்ணீர் ஊற்ற வேண்டியதில்லை. மற்றொன்று, ஒவ்வொரு பாகமாக வாங்கி நாமே குழாய் போட்டுக்கொள்ளும் வகை. இதைக் கஸ்டம் லூப் என்கிறார்கள். கண்காட்சி போலத் தோன்றுவது இதுதான். சில கேபினெட்களில் அக்ரிலிக் பலகை ஒன்றையே தொட்டியாகவும் வாய்க்காலாகவும் கடைந்து முன்பக்கம் பொருத்துகிறார்கள். குழாய் குறையும், பார்வைக்கும் அழகு.

குழாய் இணைப்புகளின் மரை கால் இஞ்ச் பி.எஸ்.பி.; நம் பிளம்பருக்குத் தெரிந்த மரைதான். ஆனால் பிளம்பர் வழக்கம் இங்கே உதவாது. இங்கே கசிவை அடைப்பது மரை அல்ல, ரப்பர் ஓ-ரிங். ஆகவே டெஃப்லான் டேப் சுற்றுவதோ ஸ்பானர் போட்டு இறுக்குவதோ கூடாது. கையால் முடுக்கினால் போதும். அதிகம் இறுக்கினால் அக்ரிலிக் வெடிக்கும்.

கூலரும் இதுவும் ஒன்றல்ல

நாக்பூரில் கூலர் இல்லாமல் கோடையைக் கடந்தவர் யார்? ஆகவே நம்மவர்களுக்கு இயல்பாக வரும் எண்ணம்: "வெட்டிவேர்த் தட்டியில் தண்ணீர் விட்டால் காற்று குளிர்கிறதே, அதேபோல்தானே இதுவும்?" இல்லை.

கூலரில் தண்ணீர் ஆவியாகிறது. ஆவியாகும்போது சூட்டைக் கொண்டுபோகிறது. அதனால்தான் வெளியே 44 டிகிரி இருந்தும் உள்ளே வரும் காற்று அதைவிடக் குளிர்ச்சியாக இருக்கிறது; அதனால்தான் தொட்டியில் அடிக்கடி தண்ணீர் ஊற்றுகிறோம். கம்ப்யூட்டரில் இருப்பது மூடிய பாதை. அங்கே ஆவியாதல் இல்லை. ஆகவே அந்தத் தண்ணீர் அறையின் காற்றைவிட ஒருபோதும் குளிராது. எப்போதும் சில டிகிரி சூடாகவே இருக்கும்.

இதில் ஒரு நன்மையும் உண்டு. அறையைவிடக் குளிர்ந்தால்தான் குழாயின் மேல் வியர்வைத் துளி படியும். இங்கே அந்த ஆபத்து இல்லை. சிலர் தொட்டியில் ஐஸ் போட்டால் என்ன என்று கேட்கிறார்கள். மழைக்காலத்தில் ஐஸ் தண்ணீர்ச் செம்பின் வெளிப்புறம் எப்படி நனைகிறதோ, அப்படி மதர்போர்டின் மேல் நனையும். அந்த யோசனையை அத்தோடு விட்டுவிடுவது நல்லது.

இன்னொன்று. தண்ணீர் வைத்தால் அறையின் சூடு குறையும் என்பதும் தவறு. 600 வாட் இழுத்தால் 600 வாட்டும் அறைக்குள்தான் வரும். தண்ணீர் வழியாக வந்தாலும் சரி, காற்று வழியாக வந்தாலும் சரி. கதவை மூடிக்கொண்டு மணிக்கணக்கில் உட்காரும் பையனின் அறை கொதிப்பது இதனால்தான்.

மே மாதக் கணக்கு

தண்ணீர் அறையைவிட எத்தனை டிகிரி சூடாகும் என்பது ரேடியேட்டரின் அளவைப் பொறுத்தது. ஆர்வலர்கள் வைத்திருக்கும் தோராயக் கணக்கு இது: ஒவ்வொரு 120 மி.மீ. காற்றாடி அளவுள்ள ரேடியேட்டருக்கும் சுமார் 100 வாட். அப்படி அமைத்தால் தண்ணீர் அறையைவிடச் சுமார் 10 டிகிரி உயரும். ஆக, 300 வாட்டுக்கு மூன்று காற்றாடி கொண்ட 360 மி.மீ. ரேடியேட்டர் வேண்டும்.

ஒரு சாதனத்தைப் பரிசோதித்தவர்கள் "சிப் 78 டிகிரியில் நின்றது" என்று எழுதியிருக்கிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். அவர்களது அறை 21 டிகிரி. நம் வீட்டில் மே மாதப் பிற்பகலில் கூலர் ஓடியும் அறை 36 டிகிரி. வித்தியாசம் 15. அதை அப்படியே கூட்ட வேண்டும். 78 என்பது இங்கே 93 ஆகிவிடும். எல்லைக்கு மிக அருகில்! இந்தக் கூட்டல் காற்றாடிக் குளிர்ச்சிக்கும் பொருந்தும், தண்ணீருக்கும் பொருந்தும். வாங்குமுன் ஒவ்வொருவரும் போட வேண்டிய கணக்கு இது. குளிர் நாட்டுக்காரர் சொல்லும் எண்ணை நம்பி ஏமாந்துவிடக் கூடாது.

சோதனை செய்யும் நேரத்திலும் ஒரு சூட்சுமம் உண்டு. ஒரு லிட்டர் தண்ணீர் ஒரு டிகிரி சூடேற 300 வாட்டில் 14 விநாடி ஆகும். பத்து டிகிரி ஏற இரண்டு நிமிடத்துக்கு மேல். அதுவும் ரேடியேட்டர் ஒன்றுமே வெளியேற்றாவிட்டால். வெளியேற்றிக்கொண்டே இருப்பதால் இன்னும் மெதுவாக ஏறும். ஆகவே கடைக்காரர் ஐந்து நிமிடம் ஓட்டிக் காட்டி, "பாருங்கள், எவ்வளவு குளிர்ச்சி" என்றால் அது கணக்கில் சேராது. அரை மணி நேரம் முழுச் சுமையில் ஓட்டிய பிறகு வரும் எண்தான் உண்மை.

கேபினெட்டைத் தேர்ந்தெடுப்பது

தண்ணீர் சூட்டை ரேடியேட்டர் வரை கொண்டுவருகிறது. அதன் பிறகு எல்லாம் கேபினெட்டின் கையில். முன்பக்கம் முழுதும் கண்ணாடியால் மூடி, ஓரத்தில் விரல் அளவு இடைவெளி விட்ட கேபினெட் அழகாக இருக்கும். ஆனால் மூக்கைப் பொத்திக்கொண்டு ஓடுகிறவன் கதிதான் அதற்கு. முன்பக்கம் வலையாக இருப்பது நம் ஊருக்கு ஏற்றது.

அளவில் கவனம் வேண்டும். 360 என்பது மூன்று 120 மி.மீ. காற்றாடிகளின் கணக்கு. ரேடியேட்டரின் உண்மையான நீளம் 395 முதல் 400 மி.மீ. வரை இருக்கும். ரேடியேட்டரின் கனம் 27 முதல் 30 மி.மீ.; காற்றாடி 25 மி.மீ.; ஆக மொத்தம் 55 மி.மீ. ஆழம். மேல்பக்கம் பொருத்தினால் உயரமான மெமரித் தகடுகளில் இடிக்குமா என்று அளந்து பார்த்துப் பிறகு வாங்க வேண்டும். 2018இல் வந்த லியன் லி ஓ11 டைனமிக் போன்ற கேபினெட்களில் மேல், கீழ், பக்கம் என்று மூன்று இடங்களில் 360 மி.மீ. ரேடியேட்டர் வைக்கலாம். ஆர்வலர்கள் அதை விரும்பியதற்கு முக்கியக் காரணம் இந்த இடவசதி.

ஏ.ஐ.ஓ. வகையில் பெரும்பாலும் பம்ப் சிப்பின் தலை மேலேயே இருக்கும். தண்ணீரோடு எப்போதும் கொஞ்சம் காற்றும் உள்ளே உண்டு. அது மிக உயரமான இடத்தில் தங்கும். அந்த உயரமான இடம் பம்பாக இருக்கக் கூடாது. ரேடியேட்டரின் மேல் முனையாக இருக்க வேண்டும். ஆகவே ரேடியேட்டரைக் கீழே வைத்துவிடக் கூடாது. டீசல் இஞ்சினிலும் தண்ணீரின் விரிவாக்கத் தொட்டியை உயரத்தில் வைத்ததற்கு இதுவும் ஒரு காரணம்.

பம்ப் நின்றுவிட்டால் தெரிய வேண்டும். இஞ்சினில் தண்ணீர் குறைந்தால் எச்சரிக்கும் ஸ்விட்ச் உண்டு. இங்கே பம்பின் வேகம் சொல்லும் கம்பியை மதர்போர்டில் "சி.பி.யு. ஃபேன்" என்று குறித்த இடத்தில் சொருகினால், பம்ப் ஓடாதபோது கம்ப்யூட்டர் எச்சரிக்கும். கஸ்டம் லூப்பில் தண்ணீரின் சூட்டை அளக்கும் சென்சரும் வைத்து, காற்றாடி வேகத்தை அதைக்கொண்டு கட்டுப்படுத்தினால் காரணமில்லாமல் இரைச்சல் ஏறி இறங்காது. தண்ணீரின் சூடு 60 டிகிரியைத் தாண்டவே விடக் கூடாது. பிளாஸ்டிக் குழாயும் பம்பும் அதற்கு மேல் தாங்கா.

நம் ஊர்ப் புழுதியைச் சொல்லாமல் விட முடியாது. ரேடியேட்டரின் இடுக்குகளில் புழுதி கம்பளிபோல் படிந்தால் விலை உயர்ந்த சாதனமும் வீண். வடிகட்டி வலையைக் கோடையில் பதினைந்து நாளுக்கு ஒருமுறை கழுவுவது வேண்டும். கூலர் காற்று நேராக அடிக்கும் இடத்தில் கேபினெட்டை வைக்காதீர்கள். சாரலும் உப்பும் உள்ளே போகும்.

உலோகமும் தண்ணீரும்

கூலர் தட்டியில் ஒரே கோடையில் வெள்ளையாக உப்புப் படிவதை நாம் எல்லோரும் பார்க்கிறோம். நீராவி இஞ்சின் காலத்தில் கொதிகலனுக்குள் படியும் இந்த உப்போடு போராடுவதே ஒரு தனி வேலை. அதே குழாய்த் தண்ணீரைத் தலைமுடி அளவு இடுக்குகள் கொண்ட செம்புக் கட்டைக்குள் விட்டால் என்ன ஆகும் என்று சொல்ல வேண்டியதில்லை. ஆர்.ஓ. தண்ணீரும் உப்பு முழுவதும் நீங்கியதல்ல.

டிஸ்டில்டு தண்ணீரை மட்டும் ஊற்றினால் போதுமா? போதாது. நாளடைவில் பாசி பிடிக்கும். துருவைத் தடுக்க அதில் ஒன்றும் இல்லை. டீசல் இஞ்சின் தண்ணீரில் நாங்கள் துருத் தடுப்பு மருந்து கலக்காமல் விட்டதே இல்லை. கம்ப்யூட்டருக்கென்று கலந்து விற்கும் திரவத்தை வாங்கி ஊற்றுவதே நல்லது. பால் போல நிறம் காட்டும் திரவங்கள் படத்துக்கு அழகு. ஆனால் நாளடைவில் வண்டல் படிந்து இடுக்கை அடைக்கும்.

எல்லாவற்றிலும் முக்கியம், உலோகக் கலப்பு. செம்பும் அலுமினியமும் ஒரே தண்ணீரில் இருந்தால் அது ஒரு பாட்டரிபோல் வேலை செய்து அலுமினியத்தை அரிக்கும். கஸ்டம் லூப்புக்கு ரேடியேட்டர் வாங்கும்போது விலை குறைவு என்று அலுமினியத்தை எடுத்துவிடாதீர்கள். கட்டை செம்பு என்றால் ரேடியேட்டரும் செம்பு அல்லது பித்தளையாக இருக்கட்டும். ஏ.ஐ.ஓ. சாதனங்கள் பலவற்றில் செம்புக் கட்டையும் அலுமினிய ரேடியேட்டரும்தான் இருக்கின்றன. அவற்றைக் காப்பது தொழிற்சாலையில் ஊற்றிய மருந்து கலந்த திரவம். ஆகவே அதைத் திறந்து வீட்டுத் தண்ணீர் ஊற்றுவது அதற்குச் சமாதி கட்டுவதற்குச் சமம்.

கசிவு: அப்பாக்களின் பயம்

இந்தப் பயம் வீண் அல்ல. 2004இல் ஆப்பிள் நிறுவனம் விற்ற திரவக் குளிர்ச்சி கொண்ட பவர் மேக் ஜி5 கம்ப்யூட்டர்களில் சில, ஆண்டுகள் சென்றபின் கசிந்து உள்ளே அரித்த கதை ஆர்வலர்களுக்குத் தெரியும். சுத்தமான தண்ணீர் மின்சாரத்தை அதிகம் கடத்தாது என்பது உண்மைதான். ஆனால் உலோகத்தோடும் புழுதியோடும் சேர்ந்த தண்ணீர் கடத்தும்.

ஆனால் கசிவைச் சோதனையால் பெரும்பாலும் முன்பே கண்டுபிடிக்கலாம். பழுது பார்த்த ரேடியேட்டரை அழுத்தம் ஏற்றிப் பார்க்காமல் எந்த ஷெட்டிலும் இஞ்சினில் ஏற்றுவதில்லை. இங்கும் அதுவே விதி. குழாய் இணைத்ததும் முதலில் சிறு கைப்பம்பால் காற்று ஏற்றி, முள் இறங்காமல் நிற்கிறதா என்று பார்க்க வேண்டும். பிறகு திரவம் ஊற்றி, மதர்போர்டுக்கும் கிராஃபிக்ஸ் கார்டுக்கும் மின்சாரம் கொடுக்காமல், எஸ்.எம்.பி.எஸ்.ஸிலிருந்து பம்புக்கு மட்டும் கொடுத்து ஒரு நாள் முழுக்க ஓட்ட வேண்டும். ஒவ்வோர் இணைப்பின் கீழும் டிஷ்யூ காகிதம் வைத்தால் ஒரு சொட்டும் தப்பாது.

வீட்டில் எர்த் சரியாக இருக்கிறதா என்று எலக்ட்ரீஷியனை வைத்துப் பார்த்துவிடுங்கள். வாடகை வீடுகளில் மூன்று துளை பிளக் இருக்கும். எர்த் கம்பி இருக்காது. எப்போதாவது கசிவு கண்டால் கேபினெட்டைத் தொடாமல் முதலில் சுவர் ஸ்விட்சை அணைக்க வேண்டும். துடைத்துவிட்டு உடனே போட்டுப் பார்க்கும் ஆசை வேண்டாம். இரண்டு மூன்று நாள் நன்கு உலர வேண்டும்.

நம்மைப் போல மாற்றல் உத்தரவு வந்தால் மூட்டை கட்டுகிறவர்களுக்கு இன்னொரு வார்த்தை. கஸ்டம் லூப் உள்ள கம்ப்யூட்டரைத் தண்ணீரோடு லாரியில் ஏற்றக் கூடாது. முழுவதும் வடித்துவிட்டு, புது ஊரில் மீண்டும் ஊற்றி, மீண்டும் ஒரு நாள் சோதனை. இதற்காகவே அடியில் வடிகுழாய் ஒன்று வைத்துக் கட்டுவது நல்லது. ஹாஸ்டலுக்கும் வீட்டுக்கும் கம்ப்யூட்டரைத் தூக்கிக்கொண்டு அலையும் மாணவனுக்குக் கஸ்டம் லூப் சரிப்படாது.

யாருக்கு வேண்டும், யாருக்கு வேண்டாம்?

சீதாபுல்டி கடைவீதியில் விசாரித்தால், காற்றால் குளிர்விக்கும் நல்ல கோபுரக் கூலர் தோராயமாக மூவாயிரத்திலிருந்து ஆறாயிரம் ரூபாய்க்குள் முடியும். 360 மி.மீ. ஏ.ஐ.ஓ. எட்டாயிரத்திலிருந்து இருபதாயிரம் வரை. கஸ்டம் லூப் ஐம்பதாயிரம், அதற்கு மேலும் போகும்.

சிப் 150 வாட்டுக்குள் நிற்கும் கம்ப்யூட்டருக்குக் கோபுரக் கூலரே போதும். அதில் கெட்டுப்போக ஒரு காற்றாடிதான் உண்டு. முன்னூறு, நானூறு ரூபாயில் மாற்றலாம். சிப் 200 வாட்டைத் தாண்டுகிறது, அனிமேஷன், கட்டட வரைபடம், செயற்கை நுண்ணறிவு என்று மணிக்கணக்கில் முழுச் சுமையில் ஓட வேண்டும் என்றால் 360 மி.மீ. ஏ.ஐ.ஓ. நியாயமான செலவு. அதற்கும் ஐந்தாறு ஆண்டுதான் உத்தரவாதம் என்பதை மனத்தில் வைத்துக்கொள்ள வேண்டும். குழாயின் ரப்பர் வழியாகவே திரவம் சிறிது சிறிதாகக் குறையும்.

கஸ்டம் லூப் தேவைக்காக அல்ல, ஆசைக்காக. ஆசை என்று சொன்னால் தவறு என்று பொருள் அல்ல. சிலர் கேமராவில் செலவழிக்கிறார்கள், சிலர் மோட்டார் சைக்கிளில். தன் கையால் அளந்து, வளைத்து, இணைத்து, சோதித்து ஒரு சொட்டும் கசியாமல் ஓட வைத்த பிள்ளை, புத்தகத்தில் படிக்கும் வெப்பக் கடத்தல் பாடத்தை மறக்க மாட்டான். ஆனால் அது ஆசை என்று தெரிந்தே செய்ய வேண்டும்; "இது இல்லாவிட்டால் கம்ப்யூட்டர் எரிந்துவிடும்" என்று அப்பாவிடம் சொல்லி வாங்கக் கூடாது.

காசு செலவில்லாத ஒரு வழியும் உண்டு. பயாஸில் சிப்பின் வாட் வரம்பைக் குறைக்கலாம். 253 வாட் எடுக்கும் சிப்பை 150க்குக் கட்டினால் வேகத்தில் சிறு பங்குதான் குறையும். சூடு பெருமளவு குறையும். மே, ஜூன் இரண்டு மாதம் மட்டும் இப்படி வைத்துவிட்டு, மழை வந்ததும் பழையபடி மாற்றிக்கொள்ளலாம்.

ஆகவே வாங்குமுன் அப்பாவும் பிள்ளையும் சேர்ந்து உட்கார்ந்து ஒரு தாளில் நான்கு வரி எழுதட்டும். சிப்பும் கார்டும் சேர்ந்து எத்தனை வாட்? மே மாதத்தில் அறை எத்தனை டிகிரி? அந்த வாட்டுக்கு எத்தனை காற்றாடி ரேடியேட்டர்? அது கேபினெட்டில் அடங்குமா? பிள்ளை இந்த நான்குக்கும் பதில் எழுதிக் காட்டினால் அப்பா தயங்காமல் பணம் கொடுக்கலாம். எழுத முடியாவிட்டால் கற்றுக்கொள்ளும் வரை கோபுரக் கூலரே ஓடட்டும். ஆழம் தெரிந்து காலை விட்டால் தண்ணீர் நமக்கு நல்ல வேலைக்காரன்.